நடுக்கோட்டுக்குத் திரும்பும் கால்கள்: கல்லூரி கபடி ரெய்டரை எடைபோடுவது எப்படி

தை பிறந்ததும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கபடிச் சுவரொட்டிகள் முளைத்துவிடும். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கம் பேருந்து ஏறினாலும் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்ற கொட்டை எழுத்துகளும், அவற்றுக்குக் கீழே முதல் பரிசு வழங்குவோர், கோப்பை வழங்குவோர், உணவு வழங்குவோர் பெயர்களும் கண்ணில் படும். அந்தச் செம்மண் களங்களில் விடிய விடியப் பாடும் பையன்களில் பலர் கல்லூரி மாணவர்கள். காமராசர் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் அதே முகங்களை வேறு பனியனில் பார்க்கலாம். கல்லூரியில் உடற்கல்விப் பணியில் இருக்கும் என்னிடம் அவர்களுடைய தகப்பன்மார்களும் தாய்மாமன்களும் ஊர் அணிக் கேப்டன்களும் ஆண்டுதோறும் கேட்பது ஒரே கேள்விதான்: “பையன் புரோ கபடிக்குப் போயிருவானா சார்?”

தொழில்முறை லீக்கான புரோ கபடியைப் பற்றிய இந்தக் கேள்விக்கு அவசரத்தில் சொல்லப்படும் பதில் ஒரு பையனின் நான்கைந்து ஆண்டுகளைத் தின்றுவிடும். போக முடியாதவனிடம் ‘போய்விடுவாய்’ என்று சொன்னால் அவன் தேர்வுகளைக் கோட்டை விட்டுவிட்டு ஊர் ஊராகப் பாடித் திரிவான். போகக்கூடியவனை ‘இவனெல்லாம் எங்கே’ என்று ஒதுக்கிவிட்டால் அவன் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போய்விடுவான். இரண்டையும் கண்ணால் கண்டிருப்பதால்தான் நான் பார்க்கும் முறையை இங்கே எழுதிவைக்கிறேன். உடற்கல்வி ஆசிரியர்கள், ஊர் அணிகளை நடத்துபவர்கள், தம்பியை அணித் தேர்வுக்கு அழைத்துச் செல்லும் அண்ணன்மார்கள் ஆகியோருக்கு இது பயன்படும். ரெய்டர்களை, அதாவது ‘கபடி கபடி’ என்று பாடியபடி எதிரணிக் களத்துக்குள் போய் ஆட்களைத் தொட்டுத் திரும்புபவர்களை, மட்டுமே பற்றி எழுதுகிறேன். பிடிப்பவர்களை எடைபோட வேறு கண் வேண்டும்.

என் முறையின் அடிப்படை ஒன்றே ஒன்று. ரெய்டர் எதிரணிக் களத்துக்குள் போகும் அழகைப் பார்த்து நான் எதையும் எழுதுவதில்லை. நடுக்கோட்டுக்கு அவன் எப்படித் திரும்புகிறான் என்பதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அதற்கான காரணம் ‘மேட்’ எனப்படும் ஆடுகள விரிப்பின் அளவிலேயே இருக்கிறது. ஆடவர் மேட் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரெய்டர் தாண்டியாக வேண்டிய பாக் லைன். அதைத் தாண்டி 1 மீட்டரில், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோடு. அங்கிருந்து கடைசிக் கோட்டுக்கு இன்னும் 1.75 மீட்டர். போனஸுக்காகக் காலை நீட்டிய பையன் தன் களத்துக்குத் திரும்ப 4.75 மீட்டர் கடந்தாக வேண்டும். உள்ளே போகும்போது அந்தத் தூரத்தை அவன் தன் விருப்பப்படி, தனக்கு வசதியான வேகத்தில் கடக்கிறான், யாரும் அவனைத் தடுப்பதில்லை. திரும்பும்போதோ ஏழு பேரும் அவனுடைய வழியை அடைக்கிறார்கள். உள்ளே போகும் கலையைக் கல்லூரி அளவில் ஓரளவு எல்லாரும் கற்றிருக்கிறார்கள். பத்துப் பேரில் ஒருவனைப் பிரித்துக் காட்டுவது அந்தத் திரும்பும் பாதைதான்.

எங்கே உட்காருவது, என்ன எழுதுவது

ஊர்ப் போட்டிகளில் சிறப்பு விருந்தினர்களுக்கு மேடை போட்டிருப்பார்கள். அங்கே உட்கார்ந்தால் பொன்னாடை கிடைக்கும், ஆனால் கால்கள் தெரியாது. களத்தின் நீளப் பக்கத்தில், பாக் லைனுக்கு நேராக, தடுப்புக் கம்பை ஒட்டித் தரையில் உட்காருங்கள். முதல் பாதியில் உங்கள் பையன் எந்தக் களத்தில் போய்ப் பாடுகிறானோ அந்தப் பக்கம் இருங்கள். இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும்போது நீங்களும் மாறுங்கள். ஒலிபெருக்கியில் ஓடும் வர்ணனையைக் காதில் வாங்காதீர்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கும் ரெய்டும் நல்ல ரெய்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு வரி. எதிரே எத்தனை பேர் நின்றார்கள், எத்தனையாவது நொடியில் முதல் முயற்சியைச் செய்தான், யாரைத் தொட்டான், எதால் தொட்டான், எந்த வழியாகத் திரும்பினான், புள்ளி நிலவரம் என்ன: இவ்வளவையும் சுருக்கெழுத்தில் குறித்துவிடலாம். முதல் இரண்டு ஆட்டங்களில் கை தடுமாறும், மூன்றாவதில் பழகிவிடும். ஒரே ஆட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். குறைந்தது நான்கு ஆட்டங்கள், அவற்றில் ஒன்றாவது அவனுடைய அணி தோற்ற ஆட்டமாக இருக்க வேண்டும்.

கைப்பேசியில் படம் பிடிப்பதானால் முழு ஆட்டத்தையும் வெட்டாமல் பிடியுங்கள். பையன்கள் பாட்டுச் சேர்த்து அனுப்பும் ஒரு நிமிடத் துண்டுகளில் அவர்கள் பிடிபட்ட ரெய்டுகள் இருக்காது. எனக்கு வேண்டியவை அந்த ரெய்டுகள்தான்.

புள்ளியைப் பிரித்துப் பார்ப்பது

‘நேற்று ஒரே ஆட்டத்தில் பதினைந்து புள்ளி எடுத்தான்’ என்று சொல்வார்கள். அந்தப் பதினைந்தை உடைத்துப் பார்க்க வேண்டும். எதிரே ஆறு பேரோ அதற்கு மேலோ நிற்கும்போதுதான் போனஸ் உண்டு. எதிரணியில் களத்தின் இரு மூலைகளிலும் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர்கள் முன்னால் ஏறி நிற்கும் பழக்கமுள்ளவர்களாக இருந்துவிட்டால், காலை நீட்டி நீட்டி ஒருவன் எட்டு போனஸ் எடுத்துவிடலாம். எதிரணி ஐந்து பேராகக் குறைந்ததும் அந்தக் கதவு மூடிவிடும். தொட்டு எடுத்த புள்ளிகள் எத்தனை, போனஸ் எத்தனை, எதிரணியினர் அனைவரையும் வெளியேற்றி அணி ஆல் அவுட் செய்தபோது சேர்ந்த புள்ளிகளையும் ஊர்க்காரர்கள் இவன் கணக்கில் எழுதிவிட்டார்களா என்பதையெல்லாம் தனித்தனியாகப் பாருங்கள்.

அடுத்து, அந்தப் புள்ளிகளை எத்தனை ரெய்டுகளில் எடுத்தான் என்பதைப் பாருங்கள். இருபத்தைந்து முறை பாடிப் பத்துப் புள்ளி எடுத்து எட்டு முறை பிடிபட்டவனையும், பதினான்கு முறை பாடிப் பத்துப் புள்ளி எடுத்து இரண்டே முறை பிடிபட்டவனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பல கல்லூரி அணிகளில் ஒருவன்தான் பாடுவான், மற்றவர்கள் கடமைக்குப் போய் வருவார்கள். அப்படிப்பட்ட அணியின் நாயகனுக்குப் புள்ளி தானாகவே சேரும். தொழில்முறை அணிக்குப் போகும் இளைஞன் அங்கே மூன்றாவது ரெய்டராகத்தான் தொடங்குவான்; ஓர் ஆட்டத்தில் அவனுக்கு ஐந்தாறு ரெய்டுகள் கிடைத்தாலே பெரிது. அந்த ஐந்தாறில் அவன் என்ன செய்வான் என்பதே நமக்கு வேண்டிய விடை.

எதிரே எத்தனை பேர் என்ற கணக்கையும் மறக்கக் கூடாது. ஏழு பேர் நிற்கும் களத்தில் தொட ஆள் அதிகம், கை கோத்துச் சங்கிலி போட்டு வளைக்கவும் ஆள் அதிகம். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பையன்கள் எளிது என்று நினைத்து அலட்சியமாகப் போய்ப் பிடிபடுவார்கள். எதிரணிக்கு சூப்பர் டேக்கிளில் இரண்டு புள்ளி போய்விடும், ஆல் அவுட்டும் தள்ளிப்போகும். அந்த நிலையில் நிதானமாகப் பாடுபவனை வட்டமிட்டுக் குறித்து வைக்கிறேன்.

திரும்பும் பாதை

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு ரெய்டரின் திரும்புதலை நான் மூன்று நிலைகளில் பார்க்கிறேன்: யாரும் தொடாதபோது, ஒருவர் தொட்டபின், இருவர் மேலே விழுந்தபின்.

யாரும் தொடாதபோது அவன் பின்வாங்கும் முறையில் அவனுடைய பயிற்சி தெரியும். நல்ல ரெய்டரின் இடுப்பு எப்போதும் தாழ்ந்திருக்கும், குதிகால் தரையில் படாது, எந்தக் கணத்திலும் அவன் உடல் நடுக்கோட்டுக்குப் பாதியளவாவது திரும்பியே இருக்கும். கார்னரை நோக்கி வலக்காலை நீட்டும்போது இடக்காலின் விரல்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று கவனியுங்கள். அவை நடுக்கோட்டைப் பார்த்தால் அவன் திரும்புவதற்கான வழியை முன்பே யோசித்து வைத்திருக்கிறான் என்று பொருள். அவையும் கார்னரையே பார்த்தால் பிடி விழுந்த கணத்தில் அவன் முதலில் திரும்ப வேண்டும், பிறகுதான் ஓட வேண்டும். அந்த ஒரு திருப்பத்துக்கு ஆகும் நேரத்தில் கார்னருக்கு அடுத்து உட்புறம் நிற்கும் கவர் ஆட்டக்காரர் வந்து இடித்துவிடுவார்.

ஒருவர் தொட்டபின் என்ன செய்கிறான் என்பதை ஒரு காட்சியாகவே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கத்து ஊரொன்றில் இரவு ஆட்டம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒல்லியான பையன் ஒருவன் லெஃப்ட் கார்னரைக் கால் விரலால் தொட முயன்றான். அவர் ஊர் ஊராக ஆடிப் பழகிய ஆள். காலைப் பின்னுக்கு இழுத்து, அதே வேகத்தில் குனிந்து அவன் கணுக்காலைப் பற்றிவிட்டார். பெரும்பாலான பையன்கள் அந்தக் கணத்தில் காலை வெடுக்கென்று இழுப்பார்கள். இழுக்க இழுக்கப் பிடி இறுகும். இவன் இழுக்கவில்லை. பிடிபட்ட காலின் முழங்காலை மடக்கி, பிடித்தவரைத் தன் பக்கமே வரவிட்டு, இடுப்பைத் தாழ்த்தி நடுக்கோட்டுப் பக்கம் திருப்பினான். பிறகு இரு கைகளையும் மண்ணில் ஊன்றி, விடுபட்ட காலால் ஓங்கி உந்தி, முழு உடலையும் நீட்டிவிட்டான். கவர் ஆட்டக்காரர் அவன் முதுகில் விழுந்தபோது நேரம் கடந்துவிட்டது. நடுவர் தயங்கினார், எதிரணி கத்தியது. அவன் எழுந்து எதுவும் பேசாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினான். நடுக்கோட்டுச் சுண்ணாம்பு அவன் விரல் நகங்களில் வெள்ளையாக அப்பியிருந்தது. அன்று அவன் எடுத்த மொத்தப் புள்ளிகளை நான் மறந்துவிட்டேன். அந்த ஒரு ரெய்டை இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது நிலை, சங்கிலி போட்டு வளைத்தபின். இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மேலே தாவுவது, மற்றது கீழே நுழைவது. புரோ கபடி ரெய்டர் பவன் செஹ்ராவத்தின் தாவலைத் தொலைக்காட்சியில் பார்த்த பையன்கள் எல்லாரும் தாவத்தான் ஆசைப்படுகிறார்கள். பர்தீப் நர்வாலின் டுப்கியை, அதாவது பிடிக்க வரும் கைகளுக்கு அடியில் உடலை மடக்கி நுழைந்து மறுபுறம் வெளியேறும் அந்த அசைவை, எடுத்துப் பார்த்தால் அது முழுக்க முழுக்கத் திரும்பும் கலை என்பது விளங்கும். உள்ளே போவதற்கு யாரும் டுப்கி அடிப்பதில்லை. 2017 புரோ கபடி பருவத்தில் அவர் எடுத்த 369 ரெய்டு புள்ளிகளில் பெரும்பங்கு, எதிரணியினர் ‘பிடித்துவிட்டோம்’ என்று நினைத்தபின் வந்தவைதான் என்று பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். தொட்டவர் அத்தனை பேரும் வெளியே போக வேண்டும் என்ற விதி இருப்பதால், மூன்று பேர் மேலே விழுந்தபின் நடுக்கோட்டைத் தொடும் ரெய்டருக்கு ஒரே மூச்சில் மூன்று புள்ளி கிடைக்கிறது.

கல்லூரிப் பையனிடம் டுப்கியை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இரண்டு பேர் விழுந்தபின்னும் அவன் கால்கள் இயங்குகின்றனவா, கண் நடுக்கோட்டைத் தேடுகிறதா, ‘கபடி கபடி’ என்ற பாட்டு அறுபடாமல் ஒலிக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் பிடிபட்டதும் உடம்பைத் தளர்த்திவிடுவார்கள். கடைசிவரை ஒரு சாணாவது நகர்பவனை விட்டுவிடாதீர்கள்.

வெறும் ரெய்டும் மூன்றாவது ரெய்டும்

புள்ளி எடுக்காமல் திரும்பும் ரெய்டைப் பார்த்து ஊரில் கூச்சல் போடுவார்கள். அந்தக் கூச்சலுக்கு அஞ்சி ஏறிப் பாடிப் பிடிபடுபவன் தொழில்முறை ஆட்டத்துக்கு இன்னும் தயாராகவில்லை. முன்னிலையில் இருக்கும்போது ரெய்டுக்கு உரிய 30 நொடியையும் செலவழித்து, பாக் லைனை முறையாகத் தாண்டி, ஒருவரையும் தொடாமல், ஒருவரிடமும் சிக்காமல் திரும்புவது ஒரு வேலை. அந்தப் பொறுமையை அனூப் குமார் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றிருந்த காலத்து ஆட்டங்களில் தெளிவாகக் காணலாம். வெறும் ரெய்டிலும் நல்ல ரெய்டர் எதையாவது கற்றுக்கொண்டு வருவான்: எந்த கார்னர் முந்துகிறார், எந்த கவர் சோர்ந்துவிட்டார் என்று. ஆட்டம் முடிந்ததும் இதை அவனிடமே கேளுங்கள். நான் ஒருமுறை ஒரு மாணவனிடம், “ஏன்ப்பா, அந்த ரெய்டுல வலப்பக்கம் போகவே இல்லையே?” என்று கேட்டேன். “ரைட் கார்னர் ரெண்டு தடவையா காலை மாத்தி வச்சு நின்னாரு சார், டைவ் அடிக்கப் போறாருன்னு தோணுச்சு” என்றான். அந்தப் பதில் எனக்கு ஐந்து புள்ளிகளுக்குச் சமம்.

தொடர்ந்து இரண்டு வெறும் ரெய்டுகளுக்குப் பின் வரும் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரெய்டர் வெளியே போவார். ‘டூ ஆர் டை’ என்று சொல்லும் இந்த ரெய்டு எதிரணிக்கும் தெரிந்தே நடப்பது. அவர்கள் பின்வாங்கி, காத்திருந்து வளைப்பார்கள். உள்ளூர்ப் போட்டிகள் சிலவற்றில் இந்த விதியைப் பின்பற்றுவதில்லை என்பதால், இந்த விதியோடு நடக்கும் ஆட்டங்களிலும் அவனைப் பார்க்க வேண்டும். அணியில் இந்த ரெய்டுக்கு யாரை அனுப்புகிறார்கள் என்பதே ஒரு சான்று. சக ஆட்டக்காரர்கள் தங்களில் யாரை நம்புகிறார்கள் என்பது பயிற்சியாளருக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

யாரை எதிர்த்து, எந்தத் தரையில்

எதிரே நின்றவர்கள் யார் என்று எழுதாத குறிப்பு பாதிக் குறிப்புதான். கல்லூரி அணிகள் பலவற்றில் இரண்டு கார்னர்களில் ஒருவர்தான் உண்மையான கார்னராக இருப்பார். புத்திசாலிப் பையன் இன்னொருவர் பக்கமே திரும்பத் திரும்பப் பாடிப் புள்ளி சேர்த்துவிடுவான். அது தவறில்லை, ஆனால் அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. ரயில்வே, காவல்துறை போன்ற துறை அணிகள் கலந்துகொள்ளும் போட்டியில் அவன் ஆடியிருந்தால், அந்த ஓர் ஆட்டத்துக்கு நான் மூன்று கல்லூரி ஆட்டங்களின் எடையைக் கொடுப்பேன். வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகப் போட்டிகளில் 25 வயது வரை ஆடலாம் என்பதால், முதுகலை படிக்கும் 24 வயதுக்காரர் பதினெட்டு வயதுப் பையன்களைப் புரட்டி எடுப்பதைக் கண்டு மயங்கக் கூடாது. அதே புள்ளிகளைப் பதினெட்டு வயதுக்காரன் எடுத்தால் கூர்ந்து பார்க்க வேண்டும்.

மண்ணும் மேட்டும் வேறு வேறு. மண்ணில் வெறுங்காலுடன் ஆடிய பையனுக்குக் கால் சற்று வழுக்கிக்கொண்டே திரும்பும் பழக்கம் இருக்கும். மேட்டில் காலணி பிடித்துக்கொள்ளும், உடல் முன்னே போக முழங்கால் அங்கேயே நிற்கும். அதனால் மண்ணில் மின்னல் போலத் திரும்புபவன் முதல் நாள் மேட்டில் தடுமாறினால் அதை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் மேட்டில் ஆடவிட்டுப் பிறகு பாருங்கள். அதற்குப் பிறகும் தடுமாறினால்தான் குறை.

உடம்பு

உயரம், எடை, கை நீளம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூத்த ஆடவர் ஆட்டத்தில் 85 கிலோ என்ற எல்லை இருப்பதால், எடை கூடிய பையன்கள் போட்டிக்கு முந்தைய நாள் பட்டினி கிடந்து குறைப்பது உண்டு. அப்படிக் குறைத்தவனின் இரண்டாம் பாதியைப் பாருங்கள், தெரிந்துவிடும். நீண்ட கைகள் நல்ல சொத்து. அஜய் தாக்கூர் போன்ற உயரமான ரெய்டர்கள் நின்ற இடத்திலிருந்தே கையால் தொட்டுத் திரும்பியவர்கள்; 2016 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈரானுக்கு எதிராக இந்தியாவை மீட்டது அவருடைய ரெய்டுகள்தான். அதேவேளை, குட்டையானவனும் தாழ்ந்து நுழையத் தெரிந்தால் குறைந்துபோவதில்லை.

நீண்ட நேரம் பார்க்க வேண்டியது முழங்கால். ரெய்டரின் வேலையே ஓடி நிற்பதும் நின்று திரும்புவதும் என்பதால், ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் கிழிவது இந்த ஆட்டத்தின் பெரிய துயரம். 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடி ரூபாய் கொடுத்து எடுத்த பவன் செஹ்ராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனதை நம் ஊர் ரசிகர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உச்சத்தில் இருப்பவருக்கே இந்த நிலை என்றால், முறையான மருத்துவ உதவி இல்லாமல் மண்ணில் ஆடும் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் நானே ஒரு பெரும்பிழை செய்தேன். சங்கிலிக்கு மேலே தாவிப் போகும் ஒரு மாணவனைப் பார்த்து மனம் நிறைந்து, அணித் தேர்வுக்கு நானே அழைத்துச் சென்றேன். அவன் மேலே எழும்பும் அழகை நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிய நான், தரையில் இறங்கும்போது வலது முழங்காலை மடக்காமல் விறைப்பாக ஊன்றுவதைப் பார்க்கத் தவறிவிட்டேன். முன்பு ஒருமுறை அந்த முழங்கால் வீங்கியதை அவன் வீட்டிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேர்வின் இரண்டாம் நாளில் அது விட்டுவிட்டது. அன்றுமுதல் எந்தப் பையனாக இருந்தாலும் ஆட்டத்துக்கு முன் ஒற்றைக் காலில் பத்து முறை உட்கார்ந்து எழச் சொல்கிறேன், ஓரடி உயரப் படியிலிருந்து ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்கிறேன். முழங்கால் உட்புறமாக மடங்கினாலோ, ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் வேறுபாடு தெரிந்தாலோ, முதலில் மருத்துவரிடம் அனுப்புகிறேன். பழைய அடிகளைப் பற்றித் தகப்பனார் முன்னிலையில் கேட்காமல் தனியாகக் கேளுங்கள். வீட்டில் திட்டுவார்களோ என்று அஞ்சி மறைப்பார்கள்.

மனத்தைப் பற்றியும் ஒரு சொல். தொழில்முறை அணிக்குப் போன பையன் முதல் ஆண்டில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்துதான் இருப்பான். பர்தீப் நர்வாலே 2015-இல் பெங்களூரு அணியில் அறிமுகமானபோது பெரிதாக எதையும் காட்டவில்லை. அடுத்த பருவத்தில் பட்னாவுக்கு மாறியபின்தான் நாடு அவரை அறிந்தது. மனிந்தர் சிங் முதல் பருவத்தில் ஆடிவிட்டு, காயத்தால் சில பருவங்கள் காணாமல் போய், 2017-இல் பெங்கால் அணியில் திரும்பி வந்தார். ஊரில் நாயகனாக இருந்து பழகிய பையன் உட்கார்ந்திருப்பதைத் தாங்குவானா என்பதை அறிய, ஓர் ஆட்டத்தில் அவனை முதல் பாதி முழுவதும் வெளியே வைக்கும்படி கேப்டனிடம் சொல்லிப் பாருங்கள். அவன் ஆட்டத்தைப் பார்க்கிறானா, கைப்பேசியைப் பார்க்கிறானா என்பதில் பாதி விடை இருக்கிறது. வெளியேறிய ஆட்டக்காரன் மீண்டும் உள்ளே வந்ததும் எப்படி நிற்கிறான் என்பதும் அப்படித்தான். தான் பாடாத நேரத்தில் பிடிக்க முன்வரும் ரெய்டருக்கு அணிகளில் இடம் கிடைப்பது எளிது.

எங்கே அனுப்புவது

புரோ கபடி 2014-இல் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் 2017-இல் சேர்ந்தது. வீரர்களைப் பெரும்பாலும் ஏலத்தில் எடுக்கிறார்கள். ஆனால் கல்லூரிப் பையனுக்கு உரிய வாசல் ஏலம் அல்ல. புதிய இளம் வீரர்கள் என்ற பிரிவில், ஏலத்துக்கு வெளியே அணிகள் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் முறை இருக்கிறது. அணிகள் நடத்தும் திறன் தேர்வுகளும் மாநில, தேசிய இளையோர் போட்டிகளும் அந்த வாசலுக்கான வழிகள். பவன் காயமடைந்த அதே 2022 பருவத்தில், தமிழ் தலைவாஸின் ரெய்டு சுமையைத் தாங்கி 240-க்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுத்த நரேந்தருக்கு அதுதான் அறிமுகப் பருவம். அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனதும் அப்போதுதான். கோடிகளுக்கு எடுத்தவர் படுத்துவிட்ட நாளில் தயாராக நின்ற இளைஞனைப் பற்றி நான் என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்கிறேன்.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள், மாவட்டத் தேர்வு, பல்கலைக்கழக அணி ஆகிய படிகளை ஏறாமல் நேரே பெரிய தேர்வுக்கு அழைத்துச் செல்வதை நான் விரும்புவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு ‘அணியில் சேர்த்துவிடுகிறேன்’ என்று சொல்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பட்டப் படிப்பை முடிக்கச் சொல்லுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைப்பதற்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும். புரோ கபடிக்குப் போகாதவனும் ரயில்வேயிலோ காவல்துறையிலோ ஆட்டக்காரனாகவே வாழ முடியும்.

குறிப்புகள் நிரம்பியதும் நான் பையனையும் அவன் வீட்டாரில் ஒருவரையும் அழைத்து உட்காரவைக்கிறேன். ‘போவான்’, ‘போக மாட்டான்’ என்ற இரண்டு சொற்களையும் சொல்வதில்லை. இந்த நான்கு ஆட்டங்களில் இத்தனை முறை பிடிபட்டான், அதில் இத்தனை முறை இடக்கால் கார்னரைப் பார்த்திருந்தது, இரண்டு பேர் விழுந்தபின் இத்தனை முறை உடம்பைத் தளர்த்தினான் என்று நோட்டைத் திறந்து காட்டுகிறேன். திருத்த வேண்டியவற்றில் ஒன்றை மட்டும் அவன் கையாலேயே எழுதச் சொல்கிறேன். ஆறு வாரம் கழித்து ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டு அரங்கத்திலோ அவனுடைய ஊர்க் களத்திலோ அவன் மறுபடி பாடும்போது, அதே பாக் லைனுக்கு நேராக உட்கார்ந்து, அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு கட்டம் போட்டு எண்ணுகிறேன்.